ஒரு தோலும் பதினாறு கொக்கிகளும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம் வகுப்பில் பாதிப்பேர் ‘நட்பு’, ‘தன்னம்பிக்கை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு ரிப்பேர் வேலையைப் பற்றி. மெக்கானிக்கல் மாணவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

ரிப்பேரான பொருளின் பெயர் பேஞ்சோ யூகலேலே. குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது காயலான் கடைக்கு வந்த சாமான்களில் கிடந்தது. இரும்பு விலைக்கே எடை போட்டுத் தந்தார்கள். பெரிய கஞ்சிராவுக்குக் கழுத்து வைத்த மாதிரி இருக்கும். எட்டு அங்குல மரவளையம், அதன்மேல் தோல், நான்கு நரம்பு. உள்ளே ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முத்திரை.

இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1879இல் போர்ச்சுக்கலின் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுபோன சின்னக் கிதாரிலிருந்து வந்தது யூகலேலே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் அமெரிக்காவில் சுரைக்குடுக்கைக்குத் தோல் கட்டி வாசித்தார்களே, அதன் வாரிசு பேஞ்சோ. இரண்டையும் சேர்த்து 1917 வாக்கில் அமெரிக்காவில் இதைச் செய்தார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபார்ம்பி (1904–1961) என்ற சிரிப்பு நடிகர் இதை வாசித்துப் பாடியே பெரும்புகழ் பெற்றார். துரை வீட்டுச் சுவரில் தொங்கியிருந்தாலும் இதன் வேர் தோட்டக் கூலிகளிடத்தில்தான் இருக்கிறது. நானும் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். விடுவேனா?

தோல் கிழிந்திருந்தது. தோலை இழுத்துப் பிடிக்கும் 16 கொக்கிகளில் நான்கைக் காணோம். மீதியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு எடுத்தேன். புதிதாக நான்கு செய்ய வேண்டுமே என்று மறை அளந்தால், விட்டம் 3.6 மி.மீ., பிட்ச் 0.66 மி.மீ. நம் மெட்ரிக் நட்டு எதுவும் ஏறாது. அது பிரிட்டிஷ் அசோசியேஷன் மறை, 4 பி.ஏ. மெட்ரிக்கில் மறையின் கோணம் 60 டிகிரி, இதில் 47½. புத்தகத்தில் ஒரு வரியில் படித்துத் தாண்டிய சமாச்சாரம்! ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் யாரும் தொடாத பழைய டை செட் ஒன்றில் அது இருந்தது. ஸ்டோர் அண்ணன் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கும் தயார்.

அடுத்து தோல். அதற்கு நான் போக வேண்டிய ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு அடிப்பார். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கருவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“தோலு நாத்தம் என்னோட போவட்டும். ஸ்பேனர் புடிப்பேன்னுதானே உன்னை அனுப்பினேன்? நீயே இதைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வெக்கிறியே.”

என்ன பதில் சொல்வது? அவர் அப்படிப் பேசுவதற்கு என்னென்ன கேட்டிருப்பார், எங்கெங்கே நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். கொக்கியை மட்டும் காட்டினேன். “அப்பா, தப்பு தொங்கிப்போனா நீ தீயில காய்ச்சுறியே, அந்த வேலையத்தான் இந்தக் கொக்கி செய்யுது. நட்டைத் திருகினா விறைப்பு ஏறும்.” அவர் ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தார். பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் வீட்டுக்குப் போனால், அன்னக்கூடையில் ஒரு ஆட்டுத்தோல் ஊறிக்கொண்டிருக்கிறது!

ஊறிய தோலைக் கட்டைவிரலால் தடவி, “இந்தப் பக்கம் கனம்” என்றார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 0.40 மி.மீ., அவர் காட்டிய பக்கம் 0.55. கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சமப்படுத்தினார். பிறகு வளையத்தின்மேல் ஈரத்தோலைப் போர்த்தி, கம்பி வளையத்தை அழுத்தி, ஓரத்தை மேலே மடித்து, பித்தளை வளையத்தை ஏற்றி, கொக்கிகளை மாட்டினோம். சிலிண்டர் ஹெட் போல்ட் மாதிரி எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும் என்றேன். “இதுக்குக் காலேஜ் வேணுமா?” என்று சிரித்தார் (அம்மாவும் சேர்ந்துகொண்டார்). ஈரத்தில் அதிகம் முறுக்கினால், காயும்போது தோல் தானே சுருங்கிக் கிழிந்துவிடும். அதனால் நிழலில் இரண்டு நாள் காயவிட்டோம்.

காய்ந்தபின் ஒவ்வொரு கொக்கியின் பக்கத்திலும் விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “இங்க சத்தம் செத்துக் கெடக்குது. கால் சுத்து வெய்யி.” அப்படியே பதினாறும் ஒரே சுருதிக்கு வந்தன. அதை அளக்க நம் லேபில் என்ன கருவி இருக்கிறது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மீதி என் வேலை. பிருடைகளை இறுக்கினேன். நைலான் நரம்பு போட்டேன் (கம்பி போட்டால் கழுத்து வளைந்துவிடும்). குதிரையை ஒட்டக்கூடாது, நரம்பின் அழுத்தத்திலேயே நிற்கும். மேல்முனைப் பட்டையிலிருந்து 12ஆவது மெட்டு 165 மி.மீ. அதே தூரம் தள்ளிக் குதிரையை வைத்து, ஓரிரு மி.மீ. பின்னால் நகர்த்தியதும் சுருதி சேர்ந்தது. மெட்டுகளின் கணக்கும் அழகு. மிச்சமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டே போனால், பன்னிரண்டாவதில் சரியாகப் பாதி வரும். ஜி, சி, இ, ஏ என்று நான்கு நரம்பு. முதலாவதான ஜி, அடுத்த இரண்டையும்விட உச்சத்தில் ஒலிக்கும். மீட்டினால் டிங் டிங் என்று ஹாஸ்டல் வராந்தா முழுக்கக் கேட்கிறது. கேட்டவர்கள் மன்னிக்கவும், நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மழையில் ஒரு சாவு. தீ மூட்ட முடியவில்லை, தப்பு ஈரத்தில் தொங்கிவிட்டதாம். திரும்பி வந்த அப்பா கேட்டார்: “அந்தக் கொக்கிய என் தப்புக்கு வெக்க முடியுமாடா?”

படம் வரைந்துவிட்டேன். 35 செ.மீ. விட்டம், 12 கொக்கி. இரும்பு வளையம் வைத்தால் ஏறக்குறைய 300 கிராம் கூடுகிறது. ராத்திரி முழுக்கத் தோளில் மாட்டி அடிக்கிறவருக்கு அது சின்ன எடையில்லை. அலுமினியத்தில் வார்க்கலாமா என்று ஃபவுண்டரி சாரிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.