சவர்த் தண்ணீர்

2002ஆம் ஆண்டு, தாதியர் பயிற்சியின் இறுதி வருடத்தில், சமூக சுகாதாரப் பயிற்சிக்கென்று எங்களைப் புத்தளம் பக்கம் அனுப்பினார்கள். நான்கு கிழமைகள். குழுவில் எட்டுப் பேர். தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். ஆகவே எட்டுப் பேரின் கேள்விகளும் என் வாயால்தான் வெளியே வரவேண்டியிருந்தது.

நாங்கள் போனது 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றுக்கு. பன்னிரண்டு வருடங்கள் கழிந்தும் கிடுகுக் கூரைகள் கிடுகுக் கூரைகளாகவே இருந்தன. நான் கிழக்கிலங்கைப் பிள்ளை. இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்ததோடு சரி.

எங்களோடு வந்த குடும்பநல உத்தியோகத்தர் சிங்களப் பெண்மணி. நல்லவர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து நம் நாட்டுத் தாய்மாரின் படலைகளைத் தட்டி வந்த ஒரு பரம்பரையின் வாரிசு அவர். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் மாத்திரைக்கும் கிளினிக் திகதிக்கும்தான் போதும்.

நான்காவது வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. அட்டையைப் புரட்டினேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று படித்திருந்தோம். இவருக்கு ஒன்பதும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறீர்களா என்றேன். "விழுங்குறன். தேத்தண்ணியோட."

நான் விடவில்லை. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பிற் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், வெறுந்தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்று பரீட்சைக்கு எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"இதக் குடிச்சுப் பாருங்கோ மகள்."

ஒரு மிடறு. தொண்டைக்குள் இறங்க மறுத்தது. அப்படியொரு சவர்.

"இதுக்காகத்தான் சாயம் போடுறது" என்றார்.

என் கையிலிருந்த படிவத்தில் 'நீர் பெறும் இடம்' என்றொரு கேள்வி இருந்தது. 'கிணறு' என்பதற்கு நேரே ஏற்கெனவே புள்ளடி போட்டுவிட்டேன். பிழையில்லாத விடை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "போன வருசமும் உங்களப் போலப் பிள்ளையள் வந்து எழுதிக்கொண்டு போனதுகள். எழுதுறத எல்லாம் எங்க மகள் வைக்கிறனியள்?"

பக்கத்தில் நின்ற தோழி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களுக்காகவா, கல்லூரிக்காகவா என்று தெரியவில்லை. "தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்கிறா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை உத்தியோகத்தரிடம் தண்ணீர் விடயத்தை மட்டும் சொன்னேன். மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர் அவர். ஏன் அப்படிக் குடிக்கிறார்கள் என்று கேட்க அவரிடம் மொழி இருக்கவில்லை. மொழி இருந்த நான் கேட்கவேயில்லை. மறுநாள் வேறு வீடுகளில் விசாரித்தோம். அநேகமாக எல்லா இடத்திலும் அதே கதை. தேசிக்காய் பிழிந்துவிட்டால் சவர் கொஞ்சம் அடங்கும் என்று ஒரு மூதாட்டி சொன்னார். தேசிப்புளி இரும்பு உடலிற் சேர உதவும் என்பது எங்கள் பாடத்திலும் இருந்ததுதான். ஆனால் தேசிக்காய்க்குக் காசு வேண்டுமே! கடைசியில் பெண்களே ஒரு வழி கண்டார்கள். வீதிக்கு பவுசர் வரும் நாளில் ஒரு போத்தல் தண்ணீரைக் கர்ப்பிணிக்கென்று வேறாக்கி வைப்பது. படுக்கப் போகும்போது அதில் மாத்திரை விழுங்குவது. நாங்கள் புறப்பட்ட கிழமையில் மூன்று வீடுகளில் அந்தப் போத்தலைப் பார்த்தேன். எத்தனை நாள் நீடித்ததோ.

எங்கள் அறிக்கைக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. அது தைத்து, அட்டை போட்டு, கல்லூரி அலுமாரிக்குள் போனது. அந்தத் தாயின் கேள்விக்கான விடை அதுதான். திரும்பிப் போய்ச் சொல்ல என்னிடம் முகமில்லை.

இப்போது நான் மாணவிகளை அனுப்புகிறவள். படிவத்தைப் பாதியாகக் குறைத்தேன். எழுதியதை அந்த வீட்டிலேயே உரத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழும்ப வேண்டும், அறிக்கையில் ஒரு பிரதி அந்தப் பகுதி உத்தியோகத்தரிடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதே வீடுகளுக்குத் திரும்பிப் போக ஒரு கிழமை கேட்டேன். நேர அட்டவணையில் ஒரு நாள்தான் தந்தார்கள்.

அந்தத் தோழி இப்போது தெற்கில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். போன நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். பேச்சோடு பேச்சாக அன்று சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அன்றைக்குத் தேத்தண்ணி வரவேயில்லையே."