முகத்துவாரத்தில் யாருக்கு முதல் வலை?

சோகோபான் என்று ஒரு பழைய கணினி ஆட்டம், 1982-இல் ஜப்பானில் வந்தது. கிடங்கிலுள்ள பெட்டிகளை உரிய இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. விதி அவ்வளவுதான். மூலையில் ஒட்டிக்கொண்ட பெட்டியைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. தனியாளாகப் புதிர் ஆட்டங்கள் செய்கிற நான் தேடுவதும் அப்படியொரு ‘முடியாது’தான்.

பொன்னேரிக்காரனான எனக்கு அது பழவேற்காடு ஏரியிலேயே கிடைத்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். ஆகவே சீட்டுப் போட்டு, முறைவைத்து, இன்று இந்த இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். துருக்கியின் அலன்யாவிலும் இதற்கு ஓர் உறவுமுறை இருக்கிறது. 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். செப்டம்பரில் சீட்டு. ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும், பிறகு மேற்கே. படித்தவுடன் எனக்கு அது பொருளாதாரமாகத் தெரியவில்லை, நகர்த்தல் விதியாகத் தெரிந்தது.

ஆட்டம் இதுதான். முகத்துவாரத்திலிருந்து உள்ளே ஒரே வரிசையில் படகுகள். தினமும் எல்லாப் படகும் ஓர் இடம் உள்ளே நகரும், கடைசிப் படகு முன்னால் வந்துவிடும். வெள்ளம் ஏறும்போது கடலிலிருந்து மடவை வரும், கட்டிய வலைகளில் கடலோரம் நிற்பது அதை எடுத்துக்கொள்ளும். நீர் வடியும்போது ஏரிக்குள்ளிருந்து இறால் இறங்கும், உள்கோடி வலை அதை எடுத்துக்கொள்ளும். இறாலின் கதையே அப்படித்தான்: கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, கடலுக்கே திரும்பும். சில படகுகளுக்கு மடவை வேண்டும், சிலவற்றுக்கு இறால். இன்று எந்த ஜோடி வலை கட்டுவது என்பது மட்டுமே ஆடுபவர் கையில். முகத்துவாரம் மணலால் அடைபடுவதற்குள் எல்லோர் கூடையும் நிறைய வேண்டும்.

முதலில் காகிதம், புளியங்கொட்டை, சிப்பி. பிறகு ஸ்டீபன் லவெல் 2013-இல் இலவசமாகத் தந்த, புதிர் ஆட்டம் செய்யும் கருவியான பசில்ஸ்கிரிப்ட். அதில் படம் என்றால் சின்னச் சின்னக் கட்டங்கள்தான். அழகு காட்டி ஏமாற்ற முடியாது என்பதாலேயே எனக்குப் பிடிக்கும். பூநாரையும் பக்கிங்காம் கால்வாயும் தொடக்க வரைவுகளில் இருந்தன. பூநாரை பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யோசிக்க ஒன்றும் தரவில்லை. எடுத்துவிட்டேன்.

நான்கு படகு, இரண்டு நாள், இரண்டு மடவைக்காரர், இரண்டு இறால்காரர் என்று வையுங்கள். நிற்கக்கூடிய வரிசைகள் 6. இரண்டு தீரவே தீராது. இரண்டில் தலா இரண்டு வழி உண்டு. ஒன்றில் முதல் நாள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அதைப் புதிர் என்று சொல்வது பொய். மிஞ்சுவது மடவை, இறால், மடவை, இறால் என்று நிற்கும் வரிசை. கடலோர ஜோடியை முதலில் கட்டவே கை போகும். கட்டினால் மறுநாள் மிச்ச இருவரும் இடம்மாறி, இறால்காரர் கடலோரமும் மடவைக்காரர் உள்ளேயும் நிற்பார்கள். அதோடு முடிந்தது. உள்ளே நிற்கும் ஜோடியிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் முண்டியடிக்கும் இடத்துக்குக் கடைசியில் போகலாம் என்பது இந்த விதிக்குள்ளேயே கிடந்தது. நான் செய்ததெல்லாம் சுற்றியிருந்ததை அகற்றியதுதான்.

தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். “அண்ணா, வாய்கிட்ட நிக்கிறவனுக்குத்தானே மொதல்ல கிடைக்கும்?” என்றான். பதில் சொல்லாமல் இருப்பது இந்தத் தொழிலில் கடினமான பகுதி. ஒருவர் விளையாடும்போது வாய் திறந்து உதவினால், சோதிக்கப்படுவது ஆட்டமல்ல, நம் பேச்சு. அவன் தோற்று, ஒரு படி பின்னே போகும் பொத்தானை அமுக்கி, திரையின் மறுகோடியைப் பார்த்தான். கண் அங்கே போனதைக் குறித்துக்கொண்டேன். அவன் தீர்த்தானா என்பதைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சீட்டை என்ன செய்வது என்று நெடுநாள் குழம்பினேன். குப்பத்தில் சீட்டு இல்லாமல் நியாயம் இல்லை. புதிரிலோ, நடுவில் அதிர்ஷ்டம் புகுந்தால் யோசித்தவனுக்கு அவமானம். கடைசியில் சீட்டை ஆட்டத்துக்கு முன்னால் தள்ளினேன். நிலை தொடங்கும்போது படகுகள் நிற்கும் வரிசைதான் சீட்டு. விழுந்தது விழுந்ததுதான், அதன்பின் எல்லாம் ஆடுபவர் பொறுப்பு.

இப்போது ஆறு படகில் இருக்கிறேன். மும்மூன்றாகப் பிரித்தால் 20 வரிசைகள். கணினி ஒரு நொடியில் எல்லாவற்றையும் தீர்த்து, ஒரே வழியுள்ளவற்றைப் பொறுக்கிக் கொடுத்துவிடும். ஒரே வழி இருந்தும் சப்பென்றிருப்பது எது என்று அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குப் புளியங்கொட்டையை மறுபடி எடுத்திருக்கிறேன்.