பாடி எர்த்

சம்பா நடவுக்குச் சேடை ஓட்டும் மாதங்களில், சிதம்பரம் – காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு உட்கார நேரம் கிடைக்காது. வடவாற்றுத் தண்ணீரில் வீராணம் நிறைந்து வாய்க்காலும் ஓடத் தொடங்கினால், கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் களிமண் வயலில் இறங்கிவிடும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஓட்டும் வண்டி நடுவயலில் நின்றுவிட்டால் டிரைவருக்கும் வருமானம் நிற்கும், நாற்றைப் பறித்து வைத்திருக்கும் நிலக்காரருக்கும் வேலை நிற்கும்.

அப்படி நின்ற ஒரு வண்டியைப் பார்க்கப் போன எலக்ட்ரீசியனோடு நானும் வரப்பில் நடந்தேன். கையில் சின்னப் பை: மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஸ்பேனர்கள், உப்புத்தாள்.

"பேட்டரி போயிடுச்சுண்ணே. செல்ஃப் நொண்டுது. புதுசு வாங்கிடலாமா?" என்றார் டிரைவர்.

"இரு தம்பி. ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பு."

நல்ல வெளிச்சமாக எரிந்த விளக்கு, சாவியைத் திருப்பியதும் மங்கியது. மங்காமல் எரிந்து, செல்ஃபிலும் சத்தமே இல்லாதிருந்தால் கோளாறு சாவி, சொலினாய்டு பக்கம் என்று அங்கே தேடியிருப்பாராம். மங்கினால் பெரும்பாலும் பேட்டரியோ அதை ஒட்டிய இணைப்போதான். அடுத்து மீட்டர். செல்ஃப் இழுக்கும்போதும் பேட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு முனையை மைனஸ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். சுழியை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட் காட்டியது.

"எர்த்து புடிக்கல."

மைனஸ் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினார். சேறும் துருவும் சேர்ந்து அடையாகப் படிந்திருந்தது. கடல் காற்று அடிக்கும் ஊர் என்பதால் செம்புக் கம்பியின் நுனியிலும் பச்சை பூத்திருந்தது. ஓமில் நூறில் ஒரு பங்கு தடை போதும். 200 ஆம்பியர் இழுக்கும் செல்ஃபுக்கு அது 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 5 ஆம்பியர் விளக்குக்கு அதே தடை ஒன்றுமே இல்லை. விளக்கு எரிகிறது, செல்ஃப் சுற்றவில்லை என்ற குழப்பத்தில் எத்தனையோ பேர் நல்ல பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இன்ஜின் உடனே பிடித்தது. ஓடும்போது மீட்டர் 14 வோல்ட் காட்டியதால் ஆல்டர்னேட்டரும் சரி.

இந்தத் தொழிலில் என்னை உறுத்துவது கூலிதான். பேட்டரி மாற்றியிருந்தால் சில ஆயிரம் ரூபாயை மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பார்கள். சாமானே போடாமல் கோளாறைக் கண்டுபிடித்தவரிடம் பேரம் பேசுகிறார்கள். அவர் காப்பாற்றிக் கொடுத்ததும் அதே சில ஆயிரம்தானே! இனி எலக்ட்ரீசியன்கள் பாடு இன்னும் கடினம். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 புகை விதி வந்து, இன்ஜினுக்குள் சென்சாரும் கம்ப்யூட்டரும் ஏறிவிட்டன. டெஸ்ட் லேம்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் கை வைக்க முடியாது. ஸ்கேனர் வாங்கவும் பழகவும் இந்தச் சாலையோரக் கடைக்காரர்களுக்கு யாராவது வழி செய்ய வேண்டும்.

கிளம்பும் முன் கியர்பாக்ஸ் அருகே குனிந்து பார்த்தார். நியூட்ரல் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

"இது யாரு வேலை?"

"சுவிட்ச் தகராறு பண்ணுச்சுண்ணே. அவசரத்துக்கு நேரா குடுத்தோம்."

அவர் முகம் மாறிவிட்டது. நேராகக் கொடுத்தால் கியரில் நிற்கும் வண்டியும் ஸ்டார்ட் ஆகும். கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரை வைத்து செல்ஃபை ஷார்ட் செய்கிறவர்களுக்கும் இதே ஆபத்து: பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் விலகுவதற்குள் வண்டி ஏறிவிடும். முறுக்கைப் பிரித்து, சுவிட்சைத் துடைத்து மாட்டினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, தானே சீட்டில் ஏறி கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்பினார். பிடித்தது.

"இனிமே இதுல கை வெக்காத தம்பி. தகராறு பண்ணா எனக்கு போன் போடு" என்று சொல்லி இறங்கினார்.