கண்டக்டர்

சுபின் மேத்தாவுக்கு அமெரிக்கக் கண்டத்தில் கிடைத்த முதல் இரண்டு பெரிய வாய்ப்புகளும் வேறொருவர் வரமுடியாமல் போனதால் வந்தவை. 1960 இறுதியில் மாண்ட்ரியலில் இகோர் மார்கெவிச்சுக்குப் பதிலாக மேடையேறினார். 1961 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃப்ரிட்ஸ் ரைனருக்குப் பதிலாக. அப்போது வயது 24. அடுத்த ஆண்டுக்குள் இரண்டு ஊர் இசைக்குழுக்களுக்கும் அவரே இசை இயக்குநர். லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் ஒரு கசப்பு. அங்கே பொறுப்பேற்க வேண்டிய ஜார்ஜ் சோல்ட்டி, தன்னைக் கேட்காமலே மேத்தாவைத் துணை நடத்துநராக நிர்வாகம் போட்டுவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டார். காலியான இடம் மேத்தாவுக்கு வந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். மேலே இருப்பவர்கள் ஒருவரை லீட் ஆக்கிவிடுவார்கள். கீழே இருப்பவர்கள் அவரை ஏற்றுக்கொள்வது வேறு விஷயம், அதற்கு மெயில் எதுவும் வராது. நானும் இரண்டு வருடமாக லீட். பன்னிரண்டு பேர் கோட் எழுதுகிறார்கள், நான் எழுதுவதில்லை. மேத்தாவைப் பற்றி விழுந்து விழுந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் 1936ல் பம்பாயில் பிறந்தவர், பார்சி. அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கியவர். மகன் மருத்துவம் படிக்கப் போய், பாதியில் விட்டு, 1954ல் வியன்னாவுக்குக் கிளம்பினார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் இசை நடத்தக் கற்றார், கூடவே டபுள் பாஸும் வாசித்தார். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். அதனால் அவரும், உடன் படித்த இத்தாலியர் கிளாடியோ அப்பாடோவும் கோரஸில் சேர்ந்துவிட்டார்கள். பாடகர்களோடு பாடகராக நின்று, கராயனும் ப்ரூனோ வால்டரும் எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று எதிரிலிருந்து பார்த்தார்கள். அந்த அப்பாடோதான் பிறகு மிலானின் லா ஸ்காலா ஓபராவுக்கு இசை இயக்குநர் ஆனார். மேத்தா 1985 முதல் 2017 வரை, 32 வருடம், ஃப்ளோரன்ஸின் மாஜ்ஜோ முசிகாலே ஓபரா அரங்கின் முதன்மை நடத்துநர்.

நம் ஊரில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க நடத்துநர் தேவையில்லை. ஐந்தாறு பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும். தாளம் கேட்கிறவர் தொடையில்கூட இருக்கிறது. ஓபராவில் அது நடக்காது. பாடகர்கள் மேடையில், வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில், கோரஸ் எங்கோ பின்னால். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இருவருக்கும் நடுவே 30 மீட்டர் இருந்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நொடி தாமதம். காதை மட்டும் நம்பினால் கூட்டம் சிதறிவிடும். குச்சியின் அசைவு எல்லோர் கண்ணுக்கும் ஒரே கணத்தில் தெரியும். எங்கள் பாஷையில் சொன்னால், தனித்தனி சர்வர்களுக்கெல்லாம் ஒரே கடிகாரம்.

பொங்கலுக்குப் பனமரத்துப்பட்டி போயிருந்தபோது அப்பாவுக்கு 1990 ரோம் கச்சேரியை போனில் காட்டினேன். உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், கரகல்லா இடிபாடுகளில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் பாட, மேத்தா இரண்டு இசைக்குழுக்களைச் சேர்த்து நடத்தியது. எங்களுக்கு அரளித் தோட்டம். மொட்டு விரிவதற்குள் பறித்து சேலம் மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, இப்போது அவர் பறிப்பதில்லை.

“இவரு ஆரு?”

“கண்டக்டர்ப்பா.”

“பஸ்ஸுலயா?” சிரித்தார். “விசில் அடிச்சாத்தான் வண்டி நவுறும், அந்த மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஏங்கண்ணு, இத்தன பேரும் எந்திரிச்சுப் போய்ட்டா இவரு கையில என்ன இருக்கும்?” என்றார்.

“குச்சிதான்.”

“நீ கம்பெனில பண்றதும் இதானா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் மேத்தாவின் வாழ்க்கையில் ஒரு பதில் இருப்பது தெரிந்தது. இஸ்ரேல் பில்ஹார்மோனிக் ஒரு கூட்டுறவு அமைப்பு. வாசிக்கிற கலைஞர்களே நடத்துவது, யார் நடத்துநர் என்பதும் அவர்கள் முடிவு. 1969ல் அவரை இசை ஆலோசகராக்கினார்கள், 1977ல் இசை இயக்குநர், 1981ல் வாழ்நாள் முழுவதற்கும். 2019ல் அவராக விடைபெறும்வரை அரை நூற்றாண்டு. அங்கே எந்த நிர்வாகமும் அவரை அவர்கள் தலைமேல் உட்காரவைக்கவில்லை. எழுந்து போகக்கூடியவர்கள் எழுந்து போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் நியமனமாகக் கிடைத்ததை இங்கே சம்பாதித்திருக்கிறார்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். “அப்பச் சரி,” என்றார். “நான் பறிக்கறதில்ல. ஆனா எந்தப் பாத்தில மொட்டு முத்தியிருக்குன்னு விடியறதுக்குள்ள பாத்து வெச்சுருவேன். இல்லீன்னா மறுநாளு எந்தப் பொம்பளையும் நம்ம காட்டுக்கு வரமாட்டா. பக்கத்துக் காட்டுக்குப் போயிருவா.”

இந்த மாதம் கம்பெனியில் ஒரு படிவம் வந்திருக்கிறது. மேனேஜர் வழியில் போகிறாயா, மறுபடி கோட் எழுதுகிறாயா என்று கேட்டு. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. நிரப்புவதற்கு முன் டீமில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் மரியாதைக்கு நல்லதாகச் சொன்னார்கள். ஐந்தாவது பெண் கொஞ்சம் யோசித்தாள்.

“நீங்க கோட் எழுதலைன்னா பரவால்லைண்ணா. நாங்க எழுதறத உக்காந்து படிக்கறீங்க இல்ல, அத மட்டும் விட்டுறாதீங்க.”

இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.