பெர்லினிலிருந்து வெனிஸ் வரை: ஒரு சிக்கனப் பிரயாணம்

நம் நாட்டு ரயில்களோடு பழகியவர்களுக்கு டிக்கெட்டின் விலை என்பது தூரத்தைப் பொறுத்த விஷயம். தட்கல் என்னும் அபராதத்தையும் சில விசேஷ ரயில்களையும் ஒதுக்கிவிட்டால், சென்னையிலிருந்து மதுரைக்கு இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் இரண்டு நாள் முன்பு வாங்கினாலும், இடம் கிடைப்பதில்தான் வித்தியாசமே தவிரக் கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவின் நெடுந்தூர ரயில்களிலோ நாட்காட்டிதான் விலையை நிர்ணயிக்கிறது. வியன்னாவிலிருந்து வெனிஸுக்குப் போகும் பகல் ரயிலில், பல வாரங்களுக்கு முன்னால் 30 யூரோ அளவில் கிடைக்கக்கூடிய அதே இரண்டாம் வகுப்பு டிக்கெட், புறப்படும் நாள் நெருங்கும்போது 100 யூரோவை எட்டிவிடுவதும் உண்டு. ஜெர்மானியர் 'ஷ்பார்ப்ரைஸ்' என்றும் ஆஸ்திரியர் 'ஷ்பார்ஷீனே' என்றும் அழைக்கும் இந்த மலிவு டிக்கெட்டுகளுக்கு நிபந்தனை உண்டு: குறித்த நாளில் குறித்த ரயிலில்தான் ஏறவேண்டும், மனம் மாறினால் முழுப் பணம் திரும்பி வராது, பல சமயம் ஒன்றுமே வராது. ஆகவே சிக்கனமாகப் பிரயாணம் செய்ய விரும்புகிறவன் தன் சுதந்திரத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்றுவிடுகிறான். எந்தப் பகுதியை விற்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான் திட்டமிடுவதில் உள்ள சாமர்த்தியமெல்லாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்திய பாஸ்போர்ட்டோடு புறப்படுகிறவனுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. விண்ணப்பத்தோடு எந்த நாளில் எந்த ஊரில் தங்குவோம் என்ற விவரத்தையும் கேட்பார்கள். விசா வருமா வராதா என்று நாம் காத்திருக்கும் நாட்களிலோ மலிவு டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கும். ரயிலின் எண்ணும் நேரமும் குறித்த ஓர் அட்டவணையை மட்டும் விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு, விசா கைக்கு வந்த அன்று மாலையே நெடுந்தூர டிக்கெட்டுகளை வாங்கி முடித்தேன். இன்னும் முன்னதாக வாங்கியிருந்தால் சில யூரோ மிச்சமாகியிருக்கலாம். ஆனால் இரவில் தூக்கம் மிச்சமாகியிராது.

"ஏன் மாமா இவ்வளவு கணக்கு? யூரெயில் பாஸ் ஒன்று வாங்கிவிட்டால் போதாதா?" என்று கேட்டான் என் சகோதரியின் மகன். அவன் யோசனை அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959-ல் ஏற்பட்ட அந்தப் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பியருக்கு அதற்கு இணையான இன்டர்ரெயில் 1972-ல் வந்தது. இளைஞர்களுக்கு விலையில் தள்ளுபடி உண்டு. இரவு ரயிலில் ஏறி மறுநாள் காலை இறங்கினாலும், இடையில் வண்டி மாறாதவரை, புறப்பட்ட தேதி ஒன்றுதான் பயண நாளாகக் கணக்கிடப்படும் என்னும் விதி, நாட்களை எண்ணிச் செலவிடுகிறவர்களுக்குப் பெரிய அனுகூலம். எனினும் விளம்பரங்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு சங்கதி இருக்கிறது: பாஸ் என்பது பிரயாணம் செய்யும் உரிமையே தவிர உட்காரும் உரிமை அன்று. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரொஸ்ஸா, கடலடிச் சுரங்கத்தின் வழியே லண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்டி இடம் பதிவு செய்தே தீரவேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வந்த வண்டியில் ஏறி, காலியான இடத்தில் உட்காரலாம். காலையில் ஜன்னலைத் திறந்து, மழையைக் கண்டு, அன்றைய ஊரையே மாற்றிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்குப் பாஸ் ஒரு வரப்பிரசாதம். நாங்களோ விசாவுக்காக எல்லா ஊர்களையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தூதரகத்தில் அடகு வைத்த சுதந்திரத்தை ரயில் நிலையத்தில் மறுபடி விலை கொடுத்து வாங்குவானேன்?

பெர்லினிலிருந்து பிராக் செல்லும் ரயிலில் ஒரு விநோதம் கண்டேன். ஜெர்மன் ரயில்வேயும் செக் ரயில்வேயும் சேர்ந்து நடத்தும் அந்த வண்டிக்கு இருவருமே டிக்கெட் விற்கிறார்கள். வண்டி ஒன்று, இருக்கை ஒன்று, ஆனால் விலை மட்டும் இரண்டு. செக்காரரிடம் மலிவாகக் கிடைப்பது அபூர்வமன்று. எல்லை தாண்டும் ரயில் எதற்கும் இரு நாட்டு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டுவது வீண்செலவு என்றே சொல்வேன். பிராக் வண்டியில் டிக்கெட்டுக்குள் இருக்கை அடங்காது. மேலும் சில யூரோ கொடுத்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். அந்தச் சில யூரோவில் கஞ்சத்தனம் கூடாது. பிராக் நோக்கிப் போகையில் இடப்பக்க ஜன்னலையே கேட்க வேண்டும். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்பே நதி ரயில் பாதையை ஒட்டி வந்து சேர்ந்துகொள்கிறது; எதிர்க்கரையில் பாஸ்டை என்னும் மணற்பாறைகள் தூண் தூணாக எழுந்து நிற்க, அவற்றின் அடியில் படகுகள் ஊர்ந்து செல்ல, பிறகு ஆற்றுக்கு 240 மீட்டர் உயரத்தில் கோனிக்ஷ்டைன் கோட்டை தலைக்கு மேலே கடந்துபோக, எந்தக் கணத்தில் எல்லை வந்தது, எந்தக் கணத்தில் போயிற்று என்பதே தெரியாமல், அறிவிப்பின் பாஷை மாறியதைக் கேட்டுத்தான் வேறு தேசத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று உணர்ந்தோம்.

வண்டி மாறிச் செல்லும் பிரயாணங்களுக்கு மற்றோர் எச்சரிக்கை அவசியம். ஐரோப்பிய ரயில்கள் நிமிஷம் தவறாதவை என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. 2024-ல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் ஏறத்தாழ 100-க்கு 62 மட்டுமே காலத்தோடு வந்தன. ஒரே டிக்கெட்டாக வாங்கிய பிரயாணத்தில் முதல் வண்டி தாமதித்து அடுத்தது தவறிப்போனால், ஊர் கொண்டு சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேல் 50 சதவீதமும் நஷ்டஈடு கேட்கலாம். மலிவைத் தேடித் துண்டு துண்டாக டிக்கெட் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது அரிது. அவர் இடையில் தாராளமாக நேரம் விட்டுக்கொள்வதே உசிதம்.

வியன்னாவிலிருந்து வெனிஸ் நோக்கித் தெற்கே போகும் பாதையில், 1854-ல் திறக்கப்பட்ட ஸெம்மரிங் மலைப்பாதை வருகிறது. அதை அமைத்த கார்ல் ஃபொன் கேகா வெனிஸில் பிறந்தவர். அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் ஏறவல்ல எஞ்சின் எதுவும் உலகில் இல்லாத காலத்தில் அவர் வேலையைத் துவக்கினார், எஞ்சினுக்காகப் பிறகு ஒரு போட்டியே நடந்தது என்றால் அவருடைய தைரியத்தை என்னென்பது! இரண்டடுக்கு வளைவுப் பாலங்களின் மேல் ரயில் இன்றும் மெதுவாகத்தான் வளைந்து செல்கிறது. மலையைக் குடைந்து 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தயாராகிவருகிறது. அது திறந்த பின் விரைவு ரயில்களில் போகிறவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவார்கள், மலையை இழப்பார்கள்.

வெனிஸிலிருந்து பதுவாவுக்குப் போக நினைத்தபோதுதான் நம் ஊர் முறையை மறுபடி சந்தித்தேன். இத்தாலியின் 'ரெஜியொனாலே' என்னும் வட்டார ரயில்களுக்குக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இன்று வாங்கினாலும் என்று வாங்கினாலும் விலை ஒன்றே. வண்டி வருவதற்குச் சற்று முன்னர் இயந்திரத்தில் 5 யூரோ அளவில் டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்துப் பெட்டியில் முத்திரை குத்திக்கொண்டு, அரை மணியில் பதுவா போய்ச் சேர்ந்தோம். ஆனால் அங்கே ஜியொத்தோவின் சுவரோவியங்கள் உள்ள ஸ்க்ரொவெஞி ஆலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். சித்திரங்களைக் காக்கும்பொருட்டு, சிறு சிறு கூட்டமாகத்தான் அனுமதிக்கிறார்கள்; அதற்கு முன் கண்ணாடி அறையொன்றில் கால் மணி நேரம் காத்திருக்கவும் வைக்கிறார்கள்.