மூடியைக் கையில் வைத்துக்கொண்டு

ஜூன் 3, செவ்வாய்

வண்டி வாங்கி இன்றோடு பதினோரு நாள். பல்லாவரம் பங்கில் இன்று மூன்றாவது முறையாகப் பெட்ரோல் போட்டேன். மூன்றாவது முறையாகவும் டேங்க் மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தேன்.

சாவியைப் போட்டுத் திருப்பினால் மூடி முழுசாகக் கழன்று கைக்கு வந்துவிடுகிறது. கீல் கிடையாது, சங்கிலி கிடையாது. அது போதாதென்று, மூடி கழன்றிருக்கும்வரை சாவியை அதிலிருந்து உருவ முடியாது. ஆகக் கையில் இருப்பது கனமான ஒரு குரோம் மூடி, அதில் குத்தி நிற்கும் வண்டிச் சாவி, சாவியிலிருந்து தொங்கும் வளையம், வளையத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் டிராயர் சாவி, அம்மா திருவேற்காட்டில் வாங்கிக் கொடுத்த கருமாரியம்மன் டாலர். மூடியின் அடிப்பக்கம் பெட்ரோல் ஈரம். சீட்டில் வைத்தால் உருள்கிறது. டேங்க் மேல் வைத்தால் சாவிக்கொத்து பெயிண்டைக் கீறுகிறது (ஏற்கெனவே அரை அங்குலத்துக்கு ஒரு கோடு, கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்). கைப்பையில் போட்டால் மதியச் சாப்பாட்டு டப்பா மணக்கும். இன்னொரு கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு.

முதல் தடவை ஒரு பையன், "கொடுங்க மேடம், நான் திறக்கிறேன்" என்று சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். பெண்ணுக்கு மூடி திறக்க வராது என்று அவனாக முடிவுசெய்துகொண்டான். இன்றைக்கு இருந்தவர் வேறு மாதிரி. தலை நரைத்த பெரியவர். நான் தடுமாறுவதைப் பார்த்து, "இப்படிக் கொடும்மா" என்று வாங்கி, மூடியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாவிக்கொத்து பைக்கு வெளியே பதக்கம் போலத் தொங்கியது.

"இந்த மாதிரி வண்டி எல்லாத்துக்கும் இதேதாம்மா. ஒரு நாளைக்கு நாப்பது மூடி பிடிக்கிறேன்."

ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்து லிட்டர்கூட முழுசாக வரவில்லை. எந்தக் கம்பெனி வண்டி என்று இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. தாத்தா காலத்து முகத்தோடு வரும் புது வண்டிகள் பலவற்றிலும் இந்தத் தொல்லை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவிடம் புலம்பினேன். அவர் வாசலுக்குப் போய் மூடியைக் கழற்றி, எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அவரிடம் இருந்தது 350 சிசி புல்லட், திருவொற்றியூரில் செய்தது. அதன் மூடிக்குப் பூட்டே கிடையாது. அழுத்திக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும்.

"அப்ப மூடிதான்மா மீட்டரு" என்றார். வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. மூடியைத் திறந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டினால் உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். சத்தத்தை வைத்தே விழுப்புரம் வரை போகுமா, போகாதா என்று சொல்லிவிடுவாராம். தவறிப்போனால் ரிசர்வ் இருக்கிறது, குழாயைத் திருப்பிவிட்டால் போதும்.

பிறகு அவரே சிரித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். எனக்கு அப்போது இரண்டு வயது. திண்டிவனத்தில் பெட்ரோல் போட்டவர், மூடியைப் பம்பின் மேல் வைத்துவிட்டு, சில்லறைத் தகராறில் மூடியை மறந்து கிளம்பிவிட்டார். விக்கிரவாண்டி நெருங்கும்போது தொடை ஜில்லென்று இருந்ததாம். மழைத்தூறல் என்று நினைத்தாராம். வானம் வெளுப்பாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோல் எகிறிக்கொண்டிருக்கிறது. கைக்குட்டையைச் சுருட்டி டேங்க் வாயில் திணித்துக்கொண்டு திரும்பிப் போனார். பம்ப் இருந்தது, மூடி இல்லை.

"சிகரெட் பிடிக்கிற பழக்கம் மட்டும் இருந்திருந்தா..." என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அந்தக் கதையை அம்மா எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் இதே இடத்தில் இதே வாக்கியம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஆபீஸ் நண்பரின் வண்டியோடு சேர்ந்து ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வந்தேன். அவருடையது என்னுடையதைவிட இரண்டு மடங்கு விலை. டேங்க்கின் மேல் பளபளவென்று அகலமான மூடி, பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். இந்த ரகத்துக்கு மோன்சா மூடி என்று பெயர். இத்தாலியில் மிலான் பக்கத்தில் 1922இல் கட்டிய பந்தயத் தளத்தின் பெயர் அது. பந்தயத்தில் பெட்ரோல் போட நிறுத்தும்போது ஒவ்வொரு நொடியும் கணக்கு. திருகிக்கொண்டிருக்க நேரமில்லை, கையுறையைக் கழற்றவும் நேரமில்லை. கட்டை விரலால் ஒரு தட்டு, மூடி வாயைப் பிளக்கும். அவ்வளவு அழகான யோசனை.

கோவளம் தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினோம். நண்பர் நெம்புகோலை ஒரு தட்டு தட்டினார். டப்பென்று திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே இன்னொரு மூடி! சாவி போட்டுத் திறக்கும் சாதாரண மூடி, என்னுடையது மாதிரியே. வெளியில் இருப்பது வெறும் தலைப்பாகை. அவர் சாவியை எடுத்து, உள்மூடியைத் திறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, திறந்து நிற்கும் வெளிமூடியில் நாஸில் இடிக்காமல் பார்த்துக்கொண்டு... வரிசையில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

அவசரத்துக்காகப் பிறந்த மூடி ஊரையே காக்கவைக்கிறது. நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அந்த நெம்புகோலைத் தட்டும்போது முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 19, சனி

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கண்ணாடி, ஹேண்டில், சைலென்சர் எல்லாம் வாசலில் மாலை மாலையாகத் தொங்குகின்றன. கீல் வைத்த மூடி வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு தட்டில் ஏழெட்டை எடுத்துப் பரப்பினார். விமானத்து மூடி மாதிரி சுற்றிலும் திருகாணி வைத்தது, கறுப்பு, பித்தளை நிறம், மண்டை ஓடு பதித்தது ஒன்று. மண்டை ஓட்டை ஒதுக்கிவிட்டுக் கறுப்பை எடுத்தேன். அங்கேயே வாஷர் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். திறந்தால் மூடி தானாகப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. இரண்டு கையும் காலி!

ஒரே ஒரு குறை. இதற்குத் தனிச் சாவி. பார்த்துக்கொள்ள இன்னொன்று கூடியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தனிச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பெட்ரோல் முள் கடைசிக் கோட்டில். பங்க் வரை போய், பெரியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, கல்யாண மண்டப வாசலில் வெயிலில் நிறுத்தியிருந்தேன். வெளியே வந்தால் மூடியைச் சுற்றி ஈரம், பெட்ரோல் நெடி. என் தப்புதான். பத்து டிகிரி சூடேறினால் பெட்ரோல் சுமார் ஒரு சதவீதம் விரியும். பதிமூன்று லிட்டர் டேங்க் பதினைந்து டிகிரி சூடானால் கூடுதலாக ஒரு டம்ளர் பெட்ரோல் நிற்க இடம் தேட வேண்டும். அதனால்தான் உள்கழுத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

அதைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: புது மூடியின் மேல், சாவித் துளைக்குப் பக்கத்தில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மூச்சு விட வேண்டுமே. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகாவிட்டால் வண்டி கொஞ்ச தூரத்தில் திணறி நின்றுவிடும். அப்பா காலத்தில் துளை அடைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்ற வண்டிகளுக்கு, மூடியைத் திறந்து 'உஸ்' என்று சத்தம் வரவிட்டு மூடினால் போதுமாம், வைத்தியம் முடிந்தது. துளை ஒரு பள்ளத்தின் நடுவே இருந்தது. பார்த்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

யோசித்திருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் கிண்டியிலிருந்து நல்ல மழையில் வந்து, வண்டியை வாசலில் நனையவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் கிளம்பி மீனம்பாக்கம் வரை போனது. அங்கே இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. ஜிஎஸ்டி சாலையில், அலுவலக நேரத்தில். தள்ளிக்கொண்டே ஓரத்துக்கு வந்தேன். குரோம்பேட்டை மெக்கானிக் தம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு குட்டி யானையோடு வந்தான்.

வண்டியை வீட்டுக்கு ஏற்றி வந்து, டேங்க்கைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து, திண்ணையில் வைத்தான். "கொஞ்ச நேரம் ஆட்டாம வைங்கக்கா." ஐந்து நிமிடத்தில் பாட்டிலுக்குள் நடுவே கோடு கிழித்த மாதிரி இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல். கீழே, வெளிறிய இன்னொன்று.

"கீழ இருக்கறது தண்ணியா?"

"தண்ணி மட்டும் இல்லக்கா. இப்ப பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். கொஞ்சம் தண்ணி போனா அதுவே குடிச்சுக்கும், தெரியவே தெரியாது. அளவு மீறினா தண்ணியையும் இழுத்துக்கிட்டு மொத்தமா அடியில இறங்கிடும். பம்ப் இருக்கறதும் அடியிலதானே."

தண்ணீர் எப்படிப் போயிருக்கும் என்று அவனே காட்டினான். மூடியின் பள்ளத்தில் இன்னும் மழைத் தண்ணீர் குளமாக நின்றது. நேற்று ஓடி வந்த சூட்டில் இருந்த டேங்க், இரவு மழையில் குளிர்ந்திருக்கிறது. உள்ளே காற்று சுருங்கியிருக்கிறது. சுருங்கினால் வெளியிலிருந்து இழுக்கும். இழுப்பதற்கு இருந்தது அந்த ஊசித் துளை, துளைக்கு மேலே குளம். உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் குடிப்பதுபோல ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது.

"கம்பெனி மூடி குவிஞ்சிருக்கும், தண்ணி நிக்காது. ஆவி போறதுக்கும் தனியா டியூப் இருக்கு, கரி டப்பாவுக்குப் போகும். பிஎஸ்6 வண்டிக்கா இது, இந்த மூடியைப் போட்டா எப்படி?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். அது இன்னும் மோசம்.

850 ரூபாய். ஒரு நாள் லீவு. பாட்டிலைக் குப்பையில் போடாதே, சாக்கடையில் ஊற்றாதே என்று அம்மா. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனே எடுத்துக்கொண்டு போனான்.

பழைய மூடி பீரோவின் மேல்தட்டில், புது மூடி வந்த அட்டைப் பெட்டியில் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

பல்லாவரம் பங்க். பெரியவர் மூடியைப் பார்த்ததும், "திரும்ப வந்துட்டானா?" என்றார். கையை நீட்டினார், கொடுத்தேன், சட்டைப் பைக்குள் போனது. சாவிக்கொத்து வெளியே தொங்கியது. கருமாரியம்மன் டாலர் அவர் மார்பில் ஆடியது.

பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே வீட்டு நினைப்பு. அப்பாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், மருந்துக் கடை மூடுவதற்குள் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேறு. பணத்தைக் கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, கை பழக்கத்தில் சாவித் துவாரத்துக்குப் போனது. சாவி இல்லை. பையில் துழாவினேன். ஜீன்ஸ் பாக்கெட்டில் துழாவினேன். பின்னால் ஹாரன். இறங்கிக் கீழே தேடலாமா என்று குனிந்தபோதுதான், கண்ணெதிரே டேங்க்கின் வாய் 'ஆ'வென்று திறந்திருந்ததைப் பார்த்தேன்.

பெரியவர் இரண்டடி தள்ளி, அடுத்த வண்டிக்கு நாஸிலைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

"இதை என்கிட்ட விட்டுட்டு எங்கம்மா போயிடுவ?"