மடை யார் கையில்?



என் அப்பா கீரனூரில் பிறர் தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சும் கூலித் தொழிலாளி. பள்ளிக்கூடம் போனதில்லை. "மேல ஒருத்தன் மடையை அடைச்சா கடைமடை காஞ்சுரும்டா" என்பார்.

பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று சொல்ல எங்க வீட்டில் ஆளில்லை. செல்போனில் தேடி நானேதான் தெரிந்துகொண்டேன். இணையம்தான் எனக்கு வாய்க்கால், நான் கடைமடை.

அந்த வாய்க்காலில் 2015-இல் கம்பெனிகள் மடை வைக்கப் பார்த்தன. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இலவசம்தான். ஆனால் அதில் சேர்த்த தளங்கள் மட்டுமே இலவசம். லட்சக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள். தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று, அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-இல் தடை விதித்தது.

அப்பாடா, அரசு காப்பாற்றிவிட்டது என்று தூங்கிவிடலாமா?

2018 மே 22-இல் தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தத் தமிழக அரசு உத்தரவிட்டது. வதந்தியைத் தடுக்கவாம்! உண்மையும் அதே வாய்க்காலில்தானே வரணும்?

காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்றது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "மடைக்காரனையும் ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருக்கணும்டா" என்றார்.

அந்த ஒருத்தன் யார்? நாம்தான் நண்பர்களே!

– இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை